ஓர் எண்ணைக் காத்தவர்களுக்கு

அன்புடையீர்,

பள்ளிக்கூடத் தாழ்வாரச் சுவரில் பதித்த சலவைக்கல் பலகையில் எழுத்துகள் மறுபடி தெரிகின்றன. 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள்' என்று ஆங்கிலத்தில் வெட்டிய பலகை. பெயர் ஒன்றுகூடக் கிடையாது. போய் மடிந்த இடத்திலும் அதே கதைதான். 1929இல் திறந்த, ஈராக்கிலுள்ள பஸ்ரா போர் நினைவகத்தில் இந்தியப் படை அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையில் அடக்கிவிட்டார்கள். ஆகவே நம் பலகையின் இரண்டு எண்களும் பிசகக்கூடாது.

முதல் நன்றி தலைமையாசிரியை அம்மாவுக்கு. வெள்ளையடிக்க வந்தவர்களைப் பலகைக்கு ஒரு சாண் தள்ளியே நிறுத்தினீர்கள். பொங்கலுக்குப் பொங்கல் பூசிய சுண்ணாம்புதான் எழுத்துப் பள்ளங்களைத் தூர்த்திருந்தது. ஆசிட் ஊற்றினால் போய்விடும் என்றார்கள் சிலர். போகும், கல்லோடு சேர்ந்து. காய்ந்த சுண்ணாம்பும் சலவைக்கல்லும் கால்சியம் கார்பனேட்தான். புளி, எலுமிச்சைகூட ஆகாது. முனை மழுக்கிய மூங்கில் சீவல்களைக் கட்டுக்கட்டாகத் தந்த கூடை முடைபவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஊறிய சுண்ணாம்பு ஏட்டை மூங்கில் பெயர்க்கும், கல்லைக் கீறாது.

அண்டாவில் மழைநீர் பிடித்துவைத்த எதிர்வீட்டு அம்மாவை எப்படி மறப்பது! இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அந்த உப்பு கல்லின் நுண்துளையில் புகுந்து, காயும்போது படிகமாகப் பருத்து, மேல்தோலைப் பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும். கழுவியது கீழிருந்து மேலாக, மெல்லிய பல் பிரஷ்ஷால். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடுபோட்டுவிடும்.

கல்லில் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றும் மைப்படி எடுக்க வேண்டாம் என்று தடுத்த கல்வெட்டு ஆய்வாளருக்கு நன்றி. கோயில் கருங்கல் மையைத் தாங்கும். பொரிந்துபோன சலவைக்கல் உறிஞ்சிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, எலக்ட்ரீஷியன் தம்பி இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்து நான்கு பக்கமிருந்தும் அடித்தார். உளி வெட்டிய பள்ளத்தில் நிழல் விழும். பெயிண்ட் மட்டும் பூசிய இடத்தில் விழாது. சுண்ணாம்புக்கு அடியில் கறுப்பு எனாமலில் 8 என்று பளிச்சென்று இருந்த எண்ணின் இடது பாதியில் நிழலே இல்லை. வெட்டியது 3. யாரோ எப்போதோ நல்லெண்ணத்தில் எழுத்தைப் 'புதுப்பித்ததில்' இறந்தவர்கள் ஐந்து பேர் கூடிவிட்டார்கள்! அந்த எனாமலை இப்போதைக்குத் தொடவில்லை. தின்னர் விட்டால் கறுப்பு கரைந்து கல்லுக்குள் இறங்கிச் சாம்பல் கறையாக நின்றுவிடும். சரியான எண்ணை எழுதிய அட்டை பக்கத்தில் தொங்குகிறது.

கொத்தனார் ஐயா சிமெண்ட் மூட்டையைத் திருப்பி அனுப்பியதுதான் பெரிய உதவி. விளிம்பில் பழைய சிமெண்ட் பூச்சு இருந்ததால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிக் கல் வழியாகவே வந்தது. அதை உளியால் மெல்லத் தட்டி எடுத்து, நீறின சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணல் மூன்று பங்கு கலந்து அடைத்தார். ஒரு வாரம் ஈரச்சாக்கு. மாசியில் செய்ததால் பிடித்தது. சித்திரை வெயிலானால் வெடித்திருக்கும்.

பெயர் தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கும் நன்றி. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று தேடாதீர்கள். 'டான்ஜோர்', 'நெகபடாம்' என்ற பழைய எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். சில பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கும்.

பலகைக்கு மேலே மழைநீர்க் குழாயின் மூட்டு இன்னும் ஒழுகுகிறது. ஐப்பசிக்கு முன் மாற்றித் தருவதாகச் சொன்ன குழாய்க்காரருக்கு முன்கூட்டியே நன்றி.

இப்படிக்கு,
பலகைப் பராமரிப்புக் குழுவினர்