நோல்களும் எங்கள் அயலவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் இளையோர் பக்கத்தில், கற்பனை உலகங்களில் வரும் அரக்க இனங்களைப் பற்றிய கட்டுரையை வாசித்தேன். கழுதைப்புலித் தலையும் மனித உடலும் கொண்ட நோல் இனத்தை அறிமுகப்படுத்திய கட்டுரையாளர், நிலையான ஊர் இல்லாத கூட்டத்துக்கு நீதியும் இராது என்று விளக்கிவிட்டு, புரியாதவர்கள் நம் ஊர்களுக்குப் பாம்புப் பெட்டியோடு வரும் வனக்குறவர்களை நினைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். காடுகளில் கழுதைப்புலியே இல்லாத இலங்கையில் ஒப்பிட அவருக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை போலும். ஓவியரும் தம் பங்குக்கு நோலின் இடுப்பில் ஒரு பாம்புப் பெட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார். அக்கரைப்பற்றிலிருந்து அந்த வனக்குறவர்கள் குடியிருக்கும் அளிக்கம்பை எவ்வளவு தூரம் என்பது, கிழக்குக்கென்று இத்தனை சிறப்பிதழ்கள் வெளியிட்ட தங்களுக்குத் தெரியாததல்ல.

நோல்களுக்காக வழக்காட நான் வரவில்லை. போயா விடுமுறைகளில் கல்முனையில் நண்பர்களுடன் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்னும் கற்பனைக் கதை விளையாட்டை விளையாடும்போது அவற்றை நானே பகடை உருட்டிக் கொன்றிருக்கிறேன். ஆனால் அவற்றைக் கொல்வதற்காவது அவற்றைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்க வேண்டும். கட்டுரை சொல்வதுபோல் அவை ஐரோப்பியப் புராணத்தின் பழைய இனம் அல்ல. 1974இல் வெளிவந்த அந்த விளையாட்டின் முதல் விதிநூல் அவற்றை நோம் என்னும் குள்ளருக்கும் ட்ரோல் என்னும் அரக்கருக்கும் பிறந்த கலப்பினமாகவே சொன்னது. கழுதைப்புலி உருவத்தை 1977ஆம் ஆண்டின் அரக்கர் தொகுப்பில் காண்கிறோம். 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, யீனோகு என்னும் பேய்க்கோமான் கொன்று குவித்த பிணங்களைத் தின்ற கழுதைப்புலிகளே நோல்களாக மாறின. அவை எதையும் கட்டுவதில்லை, ஆயுதம் செய்வதில்லை, செத்தவர்களிடமிருந்து உருவிக்கொள்கின்றன; ஓரிடத்தைத் தின்று தீர்த்ததும் அடுத்த இடத்துக்குப் போகின்றன. அவற்றைக் கொடியவை ஆக்கியது பேயின் பசியே தவிர அலைச்சல் அல்ல. அதே விளையாட்டின் எபரோன் என்னும் உலகில், பேய் வழிபாட்டை உதறிவிட்டுத் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு கூலிப்படையாக உழைத்துப் பிழைக்கும் நோல்களும் உண்டு. கட்டுரையாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

இனி அவர் நினைத்துக்கொள்ளச் சொன்னவர்களுக்கு வருகிறேன். ஆலையடிவேம்பில் என் அம்மம்மா வீட்டு வாசலுக்குப் பெரும்போக அறுவடை முடிந்ததும் அவர்கள் வருவார்கள். கைரேகை பார்ப்பார்கள், பாம்பாட்டுவார்கள், அம்மம்மா சுளகில் அள்ளிக்கொடுக்கும் நெல்லை வாங்கிக்கொண்டு போவார்கள். ஊரைச் சூறையாடியவள் மறு வருடம் அதே வாசலில் வந்து நின்று, போன முறை காய்ச்சலில் கிடந்த பிள்ளை தேறிவிட்டதா என்று கேட்பாளா? திரும்பி வர வேண்டியவர்கள் என்பதாலேயே அவர்கள் எங்களிடம் பேச்சு மாறாமல் நடந்தார்கள். அளிக்கம்பையில் அவர்கள் நிலையாகக் குடியமர்ந்தும் பல தசாப்தங்கள் ஆகிவிட்டன. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் அவர்களின் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள், தமிழ்ப் பத்திரிகையும் வாசிக்கிறார்கள். தங்கள் இளையோர் பக்கம் அவர்கள் கையிலும் கிடைக்கும் என்பது ஏனோ யாருக்கும் தோன்றவில்லை.

ஊரில்லாமல் போவது குணக்கேடு என்றால், 1990இல் போரின்போதும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகும் இந்தக் கரையோரத்தில் கூடாரங்களிலும் பாடசாலை மண்டபங்களிலும் கிடந்த எங்களை எந்த இனத்தில் சேர்ப்பது என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொன்னால் நன்றியுடையேன். இப்படி இழிவாக எழுதப்படுவது எங்களுக்கும் புதிதன்று. மட்டக்களப்பார் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற பழங்கதையைத் தங்கள் பத்திரிகை சில வருடங்களுக்கு முன் ஏதோ ஆய்வுபோல அரைப்பக்கத்துக்கு வெளியிட்டபோதும் நான் எழுதினேன். அந்தக் கடிதத்தில் பத்திரிகையைப் பாராட்டிய ஒரேயொரு வாக்கியம் மட்டும் அச்சேறியது. இம்முறை அந்தச் சிரமத்தைத் தங்களுக்குத் தர விரும்பாததால் பாராட்டு எதுவும் எழுதவில்லை.

அந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனமே, விஸ்தானி என்னும் நாடோடி மக்களை ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிய இழிவான வார்ப்பில் சித்திரித்திருந்ததை 2020 ஜூனில் ஒப்புக்கொண்டு, ரோமா ஆலோசகர் ஒருவரின் துணையுடன் திருத்த முன்வந்தது. அமெரிக்காவில் பகடை விற்பவர்களுக்கு இருந்த கூச்சத்தைத் தமிழ்ப் பத்திரிகையிடம் எதிர்பார்ப்பது அதிகமாகாது என நம்புகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான்: இணையப் பதிப்பிலிருந்து அந்த ஒப்பீட்டு வாக்கியத்தையும், படத்திலுள்ள பாம்புப் பெட்டியையும் நீக்கிவிடுங்கள். இடப் பற்றாக்குறையால் இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், வணக்கத்தையும் விளையாட்டு விவரங்களையும் வெட்டிவிட்டு அளிக்கம்பை பற்றிய பகுதியை விட்டுவையுங்கள்.

இவ்வண்ணம்,
நீண்டகால வாசகன்,
அக்கரைப்பற்று.