மலைநடைக் குழு: செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புனேயில் குடியிருக்கும் நமக்கு சஹ்யாத்ரி மலை கூப்பிடு தூரம்தான். மழைக்காலத்தில் சிங்ககட், லோஹகட் என்று வழக்கமான நடைகள் நல்லபடியாக நடந்தன. பெரிய நடையை, பாறை காய்ந்திருக்கும் டிசம்பரில் வைத்துக்கொண்டோம். தோரணாவிலிருந்து ராஜ்கட் வரை மலைமுகட்டுப் பாதை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தோரணா, சிவாஜி இளம் வயதில் பிடித்த கோட்டை. ராஜ்கட், ராய்கட்டுக்கு முன்பு அவருடைய தலைநகர். கோட்டை பார்க்கத்தான் பலரும் வந்தார்கள். ஆனால் நிலவியல் படித்த உறுப்பினர் ஒருவர் கூட வந்ததால், கோட்டையைத் தாங்கும் பாறையையும் பார்க்கக் கிடைத்தது. இந்தப் பாறை எரிமலைக் குழம்பு உறைந்தது என்று அவர் சொன்னதும், "எரிமலையோட வாய் எங்கே?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அப்படி ஒன்று அங்கே இல்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் நீளநீளமாகப் பிளந்து, எரிமலைக் குழம்பு வெள்ளமாகப் பரவியது. ஒன்று ஆறியதும் அதன்மேல் இன்னொன்று, தோசை அடுக்கியது மாதிரி. அந்த அடுக்குகளை மழையும் ஆறுகளும் அறுத்தது போக மிஞ்சியதுதான் நாம் நடந்த முகடு. கெட்டியான பசால்ட் (குழம்பு உறைந்த கரும்பாறை) அடுக்கு செங்குத்தாக நிற்கிறது. குமிழிகள் நிறைந்த அடுக்கு சீக்கிரம் உதிர்ந்து புல்சரிவாகிறது. கோட்டை கட்டியவர்களுக்குப் பாதி மதிலை மலையே கொடுத்துவிட்டது.

தோரணாவின் ஒரு முனையான புத்லா மாச்சியைத் தாண்டி இறங்கும்போது, இரண்டு கரும்பாறை அடுக்குகளுக்கு நடுவே ஒரு சாண் உயரத்துக்குச் செங்காவிப் பட்டை தெரிந்தது. தேய்த்தால் விரலில் ஒட்டியது. ஒரு குழம்பு ஆறி, அதன் மேற்பகுதி வெயிலிலும் மழையிலும் மக்கி மண்ணான பிறகே அடுத்த குழம்பு வந்து மூடியிருக்கிறது. அத்தனை பெரிய கால இடைவெளியை ஒரு சாணில் பார்த்தபோது எல்லோரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

பக்கத்துப் பாறையின் குழிகளில் வெள்ளை ஊசிகளாக சியோலைட் என்ற கனிமத்தின் படிகங்கள். சிலர் கல்லால் தட்டிப் பெயர்க்கப் பார்த்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. இனி நம் நடைகளில் யாரும் எதையும் பெயர்த்து எடுக்கக் கூடாது என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. பொதுக்குழு இதை ஏற்க வேண்டுகிறேன்.

அப்புறம், ஆளு தர்வாஜா என்ற கோட்டை வாசல் வழியாக ராஜ்கட்டுக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. அடுத்த முறை விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும், தலைவிளக்கு கட்டாயம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

2025 ஜூலையில் ராஜ்கட்டும் நம் செஞ்சியும் ஒரே பதிவின் கீழ் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. செஞ்சிக் குன்றுகளோ எரிமலைக் குழம்பு அல்ல; இதைவிடப் பன்மடங்கு பழைய கிரானைட். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு நாள் சேர்ந்து நடக்கலாம் என்பது குழுவின் யோசனை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்