தமிழில் சொல்லிவிட்டுக் கையெழுத்து கேளுங்கள்

கடலூர், புதுச்சேரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு மருத்துவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

போன வாரம் என் தம்பியை ரிவ்யூவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். மறுபடியும் கரண்ட் வைக்க (மூளைக்குச் சிறிது நேரம் மின்சாரம் செலுத்துகிற ECT சிகிச்சை) வேண்டியிருக்கும் என்றார்கள். முன்பு நீட்டிய அதே ஆங்கில ஒப்புதல் படிவம் மேசைக்கு வந்தது. இதில் என்ன இருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள் என்றேன். "எல்லாருக்கும் இதே ஃபார்ம்தாம்மா. கீழே சைன் பண்ணுங்க, வெளியே எவ்வளவு பேர் நிக்கிறாங்க பாருங்க" என்று பதில் வந்தது. தம்பி என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். சிப்காட்டில் ஷிப்டு பார்த்தவன், 31 வயது. அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல். எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. வார்டில் பழகிய மற்றக் குடும்பங்களும் இதையேதான் சொல்கிறார்கள், ஆகவே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான்: ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுங்கள், முதல் நாளே கொடுங்கள், சிகிச்சை பெறப்போகிறவரிடமே உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள்.

கரண்ட் சிகிச்சையை எதிர்த்து நான் எழுதவில்லை. சாப்பாட்டை ஒதுக்கி, பேச்சை நிறுத்தி, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவனை எழுப்பி உட்கார வைத்தது அந்தச் சிகிச்சைதான். "மூளையைச் சுட்டுடுவாங்க, வேணாம்" என்று சொந்தக்காரர்கள் தடுத்தபோது அவர்களோடு சண்டை போட்டவள் நான். உங்கள் மேல் இருந்த நம்பிக்கையில்தான் போட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைக் கேளுங்கள். அட்மிட் ஆவதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் திருவந்திபுரத்தில் என் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவோம்? உடம்பு அவ்வளவு முடியாத நிலையிலும் எழுந்து வந்து, குழந்தையை மடியில் வைத்து, அவள் அழுதபோது தலையைத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தான். சிகிச்சை முடிந்து வந்தவன் அவள் காதைப் பார்த்து, "எப்பக்கா குத்துனீங்க, என்னைக் கூப்பிடவே இல்லையே" என்றான். போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, தனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது, அதனால்தான் நினைவு போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டான். அன்றிலிருந்து பல நாள் மாத்திரையைத் தொடவில்லை.

சிகிச்சைக்கு முந்தைய வாரங்களின் நினைவு மங்கலாம், பெரும்பாலானவர்களுக்கு மெல்லத் திரும்பும், சில நினைவுகள் சிலருக்குத் திரும்பாமலே போகலாம். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவு இது. அந்த ஆங்கிலப் படிவத்திலும் ஒரு வரியாக இருந்திருக்கிறது. முன்பே சொல்லியிருந்தால் தம்பி வருத்தப்பட்டிருப்பான். ஆனால் இப்படிப் பயந்திருக்க மாட்டான்.

சொந்தக்காரர்கள் பயப்படுவது சும்மா வந்த பயம் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். லோபோடமியின் கதை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 1935இல் லிஸ்பனில் ஈகாஸ் மோனிஸ் தொடங்கினார். மண்டையில் துளை போட்டு, மூளையின் முன்பகுதியை மற்றப் பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகளை அறுப்பது. 1949இல் அதற்காக நோபல் பரிசே கொடுத்தார்கள். அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் அதைச் சுலபமாக்கினார். அறுவை சிகிச்சைப் பயிற்சியே இல்லாதவர் அவர். 1946 முதல், நோயாளியை மின் அதிர்ச்சியால் மயக்கி, கண் இமைக்கு அடியில் கூர்முனைக் கம்பியை வைத்துத் தட்டி உள்ளே இறக்கினார். கரண்டும் மூளையும் ஒரே பயமாக ஜனங்கள் மனதில் ஒட்டிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

1941இல் ரோஸ்மேரி கென்னடிக்கு 23 வயது. பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி ஆன ஜான் கென்னடியின் தங்கை. அவளுக்கு லோபோடமி செய்ய அப்பா ஏற்பாடு செய்தார், அம்மாவுக்கே சொல்லவில்லை. அறுவை நடக்கும்போது அவளை விழிப்பில் வைத்துப் பாடச் சொன்னார்கள், எண்ணச் சொன்னார்கள். வெளியே வந்தபோது நடையும் பேச்சும் போய்விட்டிருந்தன. 2005இல் இறக்கும் வரை பிறர் பராமரிப்பில்தான் இருந்தாள். 1960இல் ஹோவர்ட் டல்லி என்ற 12 வயதுப் பையன். அப்பாவின் இரண்டாம் மனைவிக்கு அவனைப் பிடிக்கவில்லை, அப்பா சம்மதித்தார், ஃப்ரீமன் செய்து முடித்தார். இருவருக்குமே வீட்டார் சம்மதம் இருந்தது. அவர்களை யார் கேட்டார்கள்?

இன்றைய கரண்ட் சிகிச்சை அது இல்லை என்பதை நானே பத்துப் பேரிடம் சொல்லி வருகிறேன். மயக்க மருந்து கொடுக்கிறீர்கள், தசையைத் தளர்த்தும் மருந்து கொடுக்கிறீர்கள், எதையும் அறுப்பதில்லை. மருத்துவம் அவ்வளவு தூரம் மாறியிருக்கிறது. ஆனால் கையெழுத்து வாங்குகிற விதம்? அந்தக் காலத்து அமெரிக்க மனநல விடுதிகளில் கூட்டம் தாங்கவில்லை, அதனால் சீக்கிரம் முடிகிற வழி எல்லோருக்கும் நல்லதாகத் தெரிந்தது. இன்று என்னிடம் சொன்ன காரணமும் வெளியே நிற்கிற கூட்டம்தான்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சம்மதம் என்றால் என்ன என்று தெளிவாகச் சொல்கிறது: நன்மை, ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் அவருக்குப் புரிகிற மொழியில், புரிகிற விதத்தில் சொன்ன பிறகு வாங்குவதுதான் சம்மதம். மயக்க மருந்து இல்லாமல் கரண்ட் வைக்கக் கூடாது என்று தடுப்பதும் அதே சட்டம். மூளையில் செய்கிற மனநோய் அறுவைக்கு அவருடைய சம்மதம், மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி இரண்டும் வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. மயக்க மருந்து விஷயத்தில் ஒழுங்காக இருக்கிற நீங்கள், மொழி விஷயத்தில் மட்டும் ஏன் கைவிட்டுவிட்டீர்கள்?

மனநல வார்டோடு இது நிற்கவில்லை. எங்கள் தெருவில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் பலர். எதற்காக எடுத்தார்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலம், ஸ்கேன் ரிப்போர்ட் ஆங்கிலம். பணம் கட்டச் சொல்லும் போர்டு மட்டும் பெரிய எழுத்தில் தமிழில் இருக்கிறது. நெல்லிக்குப்பத்திலிருந்தும் பாகூரிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள் கைநாட்டு வைத்துவிட்டுப் போகத்தான் வேண்டுமா? கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். ஒரு ஓ.பி.யில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். டாக்டரே சொல்ல நேரம் இல்லையென்றால் ஒரு சிஸ்டரோ சமூகப் பணியாளரோ முதலில் உட்கார்ந்து விளக்கட்டும், மிச்ச சந்தேகத்துக்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லுங்கள். படிவத்தின் நகல் ஒன்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். நினைவு மங்கும் என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். வீட்டார் கையெழுத்து வேண்டுமானால் அதன் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மாதக் கடைசியில் தம்பிக்கு மறுபடி தேதி கொடுத்திருக்கிறீர்கள். நாங்கள் வருவோம். அதற்குள் தமிழ்ப் படிவம் ஒன்றைத் தயார் செய்து, அதை அவன் கையில் கொடுத்து, அவனிடம் கேளுங்கள் என்று பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகரிலிருந்து ஓர் அக்கா