கயலுக்கு, மொட்டைமாடியிலிருந்து

அன்புள்ள கயல்,

பொங்கலுக்கு நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். கிளம்பும் அன்று ராத்திரி பையின் ஜிப்பை இழுத்தபடியே சொன்னாய்: "எதைப் பார்த்தாலும் ஏற்கெனவே வரைஞ்ச மாதிரியே இருக்கு அத்தை. கதைன்னு உக்காந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது." நான் உடனே, "நல்லாத் தூங்கு தாயி, எல்லாம் சரியாயிரும்" என்றேன். நீ தலையாட்டிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டாய். மாட்டுத்தாவணியிலிருந்து வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. நீ பாதி சொல்லும்போதே என் வாயில் பதில் தயாராகிவிட்டது. மீதியை நான் கேட்கவே இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் போடட்டுமா என்று கேட்டதற்கு நீயும் சரி என்றாய்.

முதலில் ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். திருநகர் வீட்டுக்குக் குடிவந்த புதிதில், வெயில் காலம் தொடங்கினால் போதும், காலையிலிருந்து பின்பக்கம் 'டுக், டுக், டுக்' என்று ஒரே சீராகக் கேட்கும். பக்கத்துத் தெருவில் யாரோ பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றிரண்டு நாள் இல்லை, ஏழெட்டு வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட மாடிக்குப் போனபோது, இன்றைக்குமா வேலை என்று தோன்றியது. வாளியை வைத்துவிட்டு நின்றேன். சத்தம் தெருவிலிருந்து வரவில்லை, அரசமரத்திலிருந்து வந்தது. அதிலும் ஒரு சமயம் இடது கிளையில் கேட்கிறது, அடுத்த நொடி வலது கிளையில். அரைமணி நேரம் தேடிய பிறகு கண்ணில் பட்டது: குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பறவை, நெற்றியிலும் மார்பிலும் குங்குமம் வைத்த மாதிரி சிவப்பு. செம்மார்புக் குக்குறுவான். கூவும்போது தலையை அங்கும் இங்கும் திருப்புகிறது, அதனால்தான் சத்தம் இடம் மாறுவது போலக் கேட்கிறது. எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு நூறைத் தாண்டியது.

பறவையைக் கண்டுபிடித்தது பெரிய விஷயமில்லை கயல். ஏழெட்டு வருடம் அது என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. 'ஒடுக்கு எடுக்கிறார்கள்' என்று என்றைக்குப் பெயர் வைத்தேனோ அன்றோடு அந்தப் பக்கம் காது போவது நின்றுவிட்டது. கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு மூடி இல்லை என்பார்கள். இருக்கிறது. நாம் அவசரமாக வைக்கிற பெயர்தான் அந்த மூடி. நீ சொன்னாயே, எதைப் பார்த்தாலும் வரைந்த மாதிரியே இருக்கிறது என்று, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு மாடியில் பத்து நிமிடம் உட்காருவேன். கேட்பதற்குப் பெயர் சொல்லிக்கொள்ளாமல் இருக்க முயல்வேன். 'ரயில்' என்று மனசு சொல்ல வரும்போது அதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, இது மேலேறுகிறதா, இறங்குகிறதா, எந்தத் திசையில் கரைகிறது என்று மட்டும் பார்ப்பேன். தள்ளிப்போடுவது லேசில் வராது, முதல் வாரம் முழுக்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏன் ஐந்து மணி என்றால், ராத்திரி முழுக்கத் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். அப்போது மேலே போகிற ஒலி வளைந்து திரும்பவும் கீழே இறங்கும். திருப்பரங்குன்றம் ஸ்டேஷனைத் தாண்டுகிற திருநெல்வேலி வண்டி நம் தெருவுக்குள் ஓடுவது போலக் கேட்பது அதனால்தான். மலைப்பக்கம் மயில் அகவுவதும் அப்படித்தான். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் தலைகீழ். தரை சுட்டு, ஒலி மேலே வளைந்து போய்விடும். அதே வண்டி மதியம் போவது நமக்குத் தெரியவே தெரியாது.

போன மாதம் மானாமதுரைக்குப் போயிருந்தேன். இங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான், ஆனாலும் இத்தனை வருடம் போனதில்லை. அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்கு நினைவிருக்கும். நான் பார்க்கப் போனது கச்சேரியில் வாசிக்கிற கடம். வெளியே பார்த்தால் தண்ணீர்ப் பானைதான். தூக்கினால்தான் கனம் தெரிகிறது. சக்கரத்திலிருந்து எடுத்த பிறகு, உள்ளே ஒரு கல்லை அண்டக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை இறுக்குகிறார்கள். தட்டுகிற அம்மா பானையைப் பார்க்கவே இல்லை. முகத்தை ஒரு பக்கம் சாய்த்துக் காதை அதன் பக்கம் கொடுத்திருந்தார். ஓர் இடத்தில் கை நின்றது. திரும்பவும் அதே இடத்தில் நாலு தட்டு. எனக்கு எல்லாத் தட்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது. "இங்க கொஞ்சம் சோம்பலாப் பேசுது" என்றார். வீணையைப் போலக் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்க முடியாது பார், கடத்துக்குச் சுருதி சூளையோடு முடிந்துவிட்டது. வித்வான்கள் வேறு வேறு சுருதிக்கு வேறு வேறு கடம் வைத்திருப்பது அதனால்தான். ஆக, ஈர மண்ணாக இருக்கும்போதே, இன்னும் வராத ஒலிக்காக அந்தக் காது காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நம் மீனாட்சி கோயிலில் வடக்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இசைத்தூண்களைச் சின்ன வயதில் உனக்குக் காட்டியிருக்கிறேன். ஒரே கல்லில் 22 சிறு தூண்கள். அப்படி ஐந்து. சிற்பிகள் கல்லைத் தேர்ந்தெடுப்பதே தட்டிக் கேட்டுத்தான்; மணி மாதிரி ஒலித்தால் ஆண் கல், தாளம் மாதிரி ஒலித்தால் பெண் கல் என்பது அவர்கள் கணக்கு. உளியை எடுப்பதற்கு முன்னால் காது வேலையைத் தொடங்கிவிடுகிறது. நீயும் நோட்டைத் திறப்பதற்கு முன்னால் எதையாவது தட்டிக் கேட்கிறாயா?

அப்புறம், மனுஷர்களைக் கேட்பது. இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் வார்த்தை புரிந்த உடனே ஆளைக் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். எனக்கு உதவியது புரியாத மொழி. தெற்குமாசி வீதிப் பக்கம் பஸ்ஸில் சௌராஷ்டிரம் பேசுகிற பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். ஒரு சொல் தெரியாது. ஆனால் யார் மூத்தவள், யார் சமாதானம் சொல்கிறாள், யார் எதையோ விழுங்கிக்கொண்டு பேச்சை மாற்றுகிறாள் என்பதெல்லாம் ஏற்ற இறக்கத்திலேயே தெரிந்தது. இறங்கிய பிறகு தமிழையும் கொஞ்ச நேரம் அப்படியே கேட்க முடிந்தது. அன்றைக்குப் பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கும்போது, "என்னம்மா, வாடின மாதிரி இருக்கே" என்றேன். "வாடலக்கா. காலையில இருந்து வெயிலு அதையே பாத்துக்கிட்டு இருக்கு" என்றாள் பூக்காரம்மா. அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன், ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்த வாக்கியம் எனக்கு வந்திருக்காது. உனக்கும் வராது. அது அங்கே இருந்தது, போய்க் கேட்கத்தான் வேண்டும்.

கடைசியாக அப்பத்தா கதை. அழகர் ஆற்றில் இறங்கும்போது தொலைந்துபோன கதையை அவள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! உனக்கே மனப்பாடம். சோழவந்தான் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தது, வைகை மணலில் அவள் அய்யாவின் கை நழுவியது, அப்புறம் கிடைத்துவிட்டது. "தொலைஞ்சு போனேன்" என்று அவள் தொடங்கும்போதே நானும் உன் அப்பாவும், "தெரியும்மா, தாத்தா வந்து தூக்கிக்கிட்டாரு" என்று முடித்து வைத்துவிடுவோம். நாற்பது வருடமாக அப்படித்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. டிவி இல்லை, ஃபேன் இல்லை. அப்பத்தா தொடங்கினாள். உன் விஷயம் மனசில் உறுத்திக்கொண்டிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக நாங்கள் வெட்டுகிற இடம் வந்தது. அவளே நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே பேசினாள்.

"சுத்தி எல்லாம் காலுதான். ஒண்ணும் தெரியல. அழுதாலும் கேக்காது. கண்ண மூடிக்கிட்டேன்."

"மூடிக்கிட்டு?"

"கோவிந்தாங்குறாக. துருத்தித் தண்ணி மணல்ல விழுகுது. அதுக்குள்ள அய்யா நாக்குச் சத்தம். மாட்ட ஓட்டுறப்ப ஒரு சத்தம் குடுப்பாருல்ல, அது. பேரச் சொல்லிக் கூப்புடல அவரு. மீனாட்சின்னு கூப்புட்டா ஆத்துல பாதிப் பொண்ணுக திரும்பும்ல. அந்தச் சத்தத்தப் புடிச்சுக்கிட்டே போனேன். மூணு தடவ விட்டுப் போச்சு. நின்னு நின்னு கேட்டுக் கேட்டுப் போனேன்."

தாத்தா வந்து தூக்கவில்லை கயல். ஏழு வயதுப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, அத்தனை கூட்டத்துக்குள் ஒரு நாக்குச் சத்தத்தைத் தேடி நடந்து போய் அவரைக் கண்டுபிடித்திருக்கிறாள். எங்கள் வீட்டிலேயே இருந்த கதை. நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை.

"எப்படிம்மா, செஞ்சு காட்டு" என்றேன். முன்பல் இல்லாததால் முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, இன்னொரு தடவை முயன்றாள். அப்போது பார்த்துக் கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் கடகடவென்று சுற்றத் தொடங்கியது. நான் எழுந்துபோய் அதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சித்திரைக்கு நீ வரும்போது அப்பத்தாவிடம் நீயே கேள். அவள் சொன்னதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
அத்தை