அந்த ஆறு கடிதங்களைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் கல்லூரி நிர்வாகக் குழுவுக்கும்,

வணக்கம். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்லூரியில் படித்து, அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். வரலாற்றுத் துறை மாணவர் மன்றப் பட்டிமன்றத்துக்கு நடுவராக அழைக்கப்பட்டு, முதல் நாள் இரவு “சார், புரோகிராம் கேன்சல்” என்று வாட்ஸ்அப்பில் ஒற்றை வரி வாங்கிக்கொண்டவன். ஏன் ரத்து, யாருடைய போனுக்குப் பிறகு ரத்து என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குள் போகவில்லை.

ரத்து செய்ததைக்கூட விட்டுவிடலாம். மண்டபம் உங்களுடையது, மைக் செட் உங்களுடையது. ஆனால் மறுநாள் பேச்சாளர்கள் ஆறு பேரையும் பெற்றோருடன் வரச் சொல்லி, ஆங்கிலத்தில் ஏற்கெனவே டைப் செய்து வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தில் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கி, அதை ஃபைலில் கோத்து வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. அந்த ஆறு கடிதங்களையும் அவரவரிடம் திருப்பிக் கொடுங்கள். இந்த மடலில் நான் கேட்பது முக்கியமாக இது ஒன்றுதான்.

தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் கடைசிவரை முழுத் தலைப்பை யாரும் படிக்கவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ‘இன்றைய இந்திய மக்களாட்சி பாசிசத்தை ஒத்திருக்கிறதா? ஆம், இல்லை’. ஆம் என்று பேச மூன்று பேர், இல்லை என்று பேச மூன்று பேர். பிறகு நடுவர். நம் ஊரில் கோயில் திருவிழாவில்கூட நடக்கிற வடிவம்.

இதில் ‘இல்லை’ அணிக்குத் தலைமை தாங்கவிருந்த மாணவியின் அப்பா வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். இரண்டு பஸ் மாறி, அன்றைய கூலியை விட்டுவிட்டு, காலை ஒன்பதரைக்கே வந்து உங்கள் அலுவலக வாசலில் நின்றிருக்கிறார். உட்காரச் சொல்ல ஆளில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் உள்ளே கூப்பிட்டு, உங்கள் மகள் தேசத்துக்கு எதிரான நிகழ்ச்சியில் கலந்துகொள்ளப் பார்த்தாள், நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, படிக்கத் தெரியாத ஆங்கிலக் கடிதத்தின் அடியில் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவர் மகளிடம் என்ன தப்பு பண்ணினாய் என்று கேட்டிருக்கிறார். “அப்பா, நம்ம நாட்டுல பாசிசம் இல்லைன்னு பேசுற பக்கம்ப்பா நானு” என்றிருக்கிறாள். அவர் திருப்பிக் கேட்டது: “அப்புறம் எதுக்கு என்னையக் கூப்புட்டாங்க?”

ஐயா, அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் தள்ளிவிடுகிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் குறிப்பு நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பட்டிமன்றம் நடந்திருந்தால் நடுவர் அதை முன்கூட்டிப் பார்ப்பது முறையில்லை. நடக்காததால் பார்த்தேன். எதிர் அணி மாணவனின் குறிப்புகளையும் வாங்கிப் பார்த்தேன். உங்கள் துறையில் இப்படிப் படிக்கிற பிள்ளைகள் இருப்பது உங்களுக்கே தெரியுமோ என்னவோ, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவள் இத்தாலியில் தொடங்குகிறாள். 1923-இல் முசோலினி ஒரு தேர்தல் சட்டம் கொண்டுவருகிறார்: எந்தக் கட்சிக்கு அதிக ஓட்டோ, அது 25 சதவீதத்தைத் தொட்டாலே போதும், நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடம் அதற்கு. 1924 ஏப்ரலில் அடிதடியோடு தேர்தல். மே 30 அன்று சோசலிஸ்ட் தலைவர் மேட்டியோட்டி எழுந்து, இந்தத் தேர்தல் செல்லாது என்று கூச்சல்களுக்கு நடுவே பேசுகிறார். ஜூன் 10 அன்று அவரைப் பட்டப்பகலில் காரில் தூக்கிப்போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். 1926 முடிவதற்குள் மற்ற கட்சிகள் எல்லாம் தடை, கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்சி சிறையில். இதற்குப் பெயர்தான் பாசிசம் என்றால், 2024-இல் ஆளுங்கட்சி 240 இடத்தோடு நின்று கூட்டணிக் கட்சிகளின் தயவில் ஆட்சி அமைத்த நாட்டை, தமிழ்நாட்டில் 39 தொகுதியும் அதற்கு எதிராக விழுந்த நாட்டை, கட்சிகளுக்கு நன்கொடை தரும் தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன நாட்டை எப்படி அந்தப் பெயரால் கூப்பிடுவது என்பது அவள் கேள்வி.

எதிர் அணிப் பையன் அதே இத்தாலியை வைத்தே அவளை மடக்கப் பார்க்கிறான். 1922 அக்டோபரில் முசோலினியைப் பிரதமராக நியமித்தது மன்னர். அப்போது அவர் கட்சிக்கு அவையில் நாற்பது பேர்கூட இல்லை. கூட்டணி அமைச்சரவைதான், எதிர்க்கட்சி இருந்தது, பத்திரிகை வந்துகொண்டிருந்தது. 1923-இல் ரோமில் இதே பட்டிமன்றம் வைத்திருந்தால் ‘இல்லை’ அணிதான் ஜெயித்திருக்கும் என்று எழுதியிருக்கிறான். 1926-இல் தாகூரே முசோலினியின் விருந்தாளியாக இத்தாலி போய் அவரைப் பாராட்டிவிட்டு, வெளியே வந்து பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்து போன்றவர்கள் எடுத்துச் சொன்ன பிறகுதான் மறுப்பு எழுதினார் என்பதையும் சேர்த்திருக்கிறான். அப்புறம் இந்தியாவுக்கு வருகிறான். ஆர்.எஸ்.எஸ். நிறுவனர் ஹெட்கேவாருக்கு வழிகாட்டியாக இருந்த மூஞ்சே 1931 மார்ச்சில் ரோமில் முசோலினியைச் சந்தித்து, அங்கே சிறுவர்களுக்குக் கொடுத்த ராணுவப் பயிற்சியைப் பார்த்து வியந்தது. காஷ்மீரில் மாதக்கணக்கில் இணையம் இல்லாதது. பிறகு திருச்சிப் பக்கத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி: 84 வயது, நடுக்கவாதம், தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு மனுப்போட்டவர், உபா என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் கைதாகி ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலையில் இறந்துபோனார். அவர் பெயருக்குக் கீழே பையன் வேறு எதுவும் எழுதவில்லை.

அதற்கு அவள் வைத்திருந்த பதில் நெருக்கடிநிலை. 1975 முதல் 77 வரை எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை, 1976 ஜனவரி 31-இல் கலைஞர் ஆட்சி கலைப்பு, மிசாவில் ஸ்டாலின் உட்பட எத்தனையோ பேர், சென்னைச் சிறையில் அடிபட்டு இறந்த சிட்டிபாபு. அது மட்டும் என்ன குறைச்சல்? ஆனால் 1977-இல் ஓட்டுப்போட்டு இறக்கிவிட்டோமே. எதேச்சதிகாரம் வேறு, பாசிசம் வேறு, எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை ஒட்டினால் உண்மையிலேயே பாசிசம் வரும்போது கூப்பிடப் பெயர் இருக்காது என்கிறாள். போனஸாக ஒன்று: அந்தக் காலத்தில் இந்திராவை எதிர்த்தவர்கள் அவரைப் பாசிஸ்ட் என்றார்கள், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியோ ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கத்தைத்தான் பாசிசம் என்று சொல்லி நெருக்கடிநிலையை ஆதரித்தது.

பையன் விடவில்லை. இந்திராவிடம் போலீஸ் இருந்தது, தெருவில் இறங்கித் தானாக அடிக்கிற கூட்டம் இல்லை. பாசிசத்துக்கு அந்தக் கூட்டம்தான் உயிர், கருஞ்சட்டைப் படை இல்லாமல் முசோலினி இல்லை. மாட்டிறைச்சிச் சந்தேகத்தில் 2015-இல் தாத்ரியில் ஒரு மனிதரை வீடு புகுந்து அடித்துக் கொன்றது எந்தத் துறையின் உத்தரவு?

(கருஞ்சட்டை என்றதும் நம் ஊர்க்காரர்கள் வேறு யாரையோ நினைப்பார்கள். அந்தக் குழப்பத்தையும் மேடையில் தீர்த்துவைக்கலாம் என்று இருந்தேன்.)

இதுதான் சார் நடக்கவிருந்த தேசவிரோதம்.

தீர்ப்பு என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்கிறார்கள், ஒளிக்க ஒன்றுமில்லை. தேர்தலில் தோற்கக்கூடிய ஓர் அரசை முழுப் பாசிசம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆனால் தலைப்பு கேட்டது ஒத்திருக்கிறதா என்று. அந்தத் தெருக்கூட்டத்தையும், ஒரு சமூகத்தையே உள்ளிருக்கும் எதிரியாகக் காட்டும் பேச்சையும், அதைக் கேட்டும் கேட்காததுபோல் இருக்கும் அதிகாரிகளையும் பார்த்தால், அந்த இடங்களில் ஒத்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு புள்ளி வித்தியாசத்தில் பையனின் அணி. சிறந்த பேச்சாளர் பரிசு அந்தப் பெண்ணுக்கு. இதில் உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் கடைசி வரிசையிலிருந்து கை தூக்கிக் கேட்டிருக்கலாம், மைக் கொடுத்திருப்பேன்.

இதில் முடிவாகப் பதில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பதுதான் வேடிக்கை. 2025-இல் மார்க்சிஸ்ட் கட்சி தன் மாநாட்டு வரைவில் ‘நவ பாசிசக் கூறுகள்’ என்று எழுதி, மோடி அரசே பாசிச அரசு என்று நாங்கள் சொல்லவில்லை என விளக்கக் குறிப்பும் கொடுத்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் சி.பி.ஐ. (எம்.எல்.) லிபரேஷன்காரர்களும் அதை ஏற்கவில்லை. அந்த மாநாடு நடந்தது நம்ம மதுரையில். பொலிட்பீரோ உறுப்பினர் யாரையும் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னதாகத் தகவல் இல்லை. அமெரிக்காவில் பாசிச வரலாற்றில் பெரிய பெயரான ராபர்ட் பாக்ஸ்டன், டிரம்பை அப்படிச் சொல்லக் கூடாது என்று வருடக்கணக்கில் சொல்லிவந்து, 2021 ஜனவரி 6-இல் நாடாளுமன்றத்துக்குள் கும்பல் புகுந்ததைப் பார்த்து மனம் மாறினார். நம் ஊரில் விஜய் விக்கிரவாண்டி மாநாட்டில் பாசிசத்தையும் பாயாசத்தையும் சேர்த்துக் கேட்டது மீமாகி ஓய்ந்தது. மேடையில், டீக்கடையில், டிவியில் எல்லாரும் பேசுகிற விஷயம், அதைப் பாடமாகப் படிக்கிற பிள்ளைகள் மட்டும் பேசக் கூடாது. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் முசோலினி எப்படி ஆட்சிக்கு வந்தார் என்று நான் எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறேன். பதினைந்து வயதில் மார்க்குக்காக எழுதலாம், இருபது வயதில் யோசித்துப் பார்த்தால் மன்னிப்புக் கடிதமா?

நீங்கள் செய்ததையும் சிலர் முகநூலில் பாசிசம் என்று எழுதுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. மேட்டியோட்டியைக் கொன்றதற்கு வைத்த பெயரை, ஒரு போனுக்குப் பயந்து செமினார் ஹால் சாவியை வாங்கி வைத்துக்கொண்டதற்கு வைக்கக் கூடாது. இது பயம். கொஞ்சம் சோம்பேறித்தனம். கல்லூரிக்குத் தரமதிப்பீடு போடும் நாக் கமிட்டி வரும் நேரத்தில் எதற்கு வம்பு என்ற கணக்கு.

அந்தப் பயம் உங்களுக்கு மட்டும் என்றும் சொல்லவில்லை. 2022-இல் கிரேட்டர் நொய்டாவில் ஷார்தா பல்கலைக்கழகத்தில், பாசிசத்துக்கும் இந்துத்துவத்துக்கும் ஒற்றுமை உண்டா என்று தேர்வில் கேட்ட ஆசிரியரை இடைநீக்கம் செய்தார்கள். உண்டு என்றோ இல்லை என்றோ அவர் சொல்லவில்லை, கேள்வித்தாளில் கேட்டார், அவ்வளவுதான். அதற்கும் முன்னால் 2018-இல் நம் தூத்துக்குடியில், தமிழிசை வந்த விமானத்தில் ‘பாசிச பாஜக ஒழிக’ என்று கத்திய ஆராய்ச்சி மாணவியைக் கைது செய்தார்கள். அந்த வழக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்ய 2023 ஆனது. ஐந்து வருஷம், ஒரு கோஷத்துக்கு. உங்கள் மாணவர்கள் கோஷம்கூடப் போடவில்லை.

இதே செமினார் ஹாலில் பெயருக்கு ஓர் எழுத்தைக் கூட்டினால் கேம்பஸில் வேலை கிடைக்கும் என்று ஒரு நியூமராலஜிக்காரர் இரண்டு மணி நேரம் பேசினார். சால்வை போட்டு அனுப்பினீர்கள். நகைக்கடை விளம்பரத்துக்குக் கோலப்போட்டி நடந்தது. எம்.எல்.ஏ. பிறந்தநாளுக்கு எங்கள் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்கவைத்தீர்கள். அதெல்லாம் அரசியல் சார்பற்றவை போலிருக்கிறது. இப்போது பட்டிமன்றத்துக்குப் புதுத் தலைப்பும் வந்திருப்பதாகச் சொன்னார்கள்: ‘வாழ்க்கையில் நிம்மதி தருவது பணமா, குணமா?’ நல்ல தலைப்பு. மூட்டை தூக்குகிறவரின் ஒரு நாள் கூலியை முன்வைத்து நானே இரண்டு பக்கமும் பேசுவேன்.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஆறு கடிதங்களையும் ஃபைலிலிருந்து எடுத்து, நகல் வைத்துக்கொள்ளாமல், பிள்ளைகள் கையில் கொடுங்கள். நன்னடத்தைச் சான்றிதழிலோ இன்டர்னல் மார்க்கிலோ இது எந்த விதத்திலும் வராது என்று துறைத் தலைவர் வழியாக எழுத்தில் தாருங்கள், தமிழில், பெற்றோருக்குப் புரிகிற மாதிரி. பட்டிமன்றத்தை இந்தப் பருவம் முடிவதற்குள் அதே தலைப்பில் நடத்த முடிந்தால் மிகவும் நல்லது. நடுவருக்குப் பணம் வேண்டாம், சால்வையும் வேண்டாம். சட்டம் ஒழுங்குக் கவலை இருந்தால் வெளியாட்களை விடாமல் துறை வகுப்பறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு நடத்துங்கள், ஆட்சேபணை இல்லை. போன் செய்தவருக்கும் ஒரு நாற்காலி போடலாம்.

பட்டிமன்றம் முடியாது என்றால்கூட, கடிதங்களைத் திருப்பிக் கொடுங்கள். அதற்காக அந்த அப்பாவை மறுபடி ஒருமுறை வரச் சொல்ல வேண்டாம், மகளிடமே கொடுத்தால் போதும். உங்கள் பதிலைத் தயவுசெய்து எழுத்தில் அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நடக்காத பட்டிமன்றத்தின் நடுவர்,
உங்கள் கல்லூரியின் பழைய மாணவன்