பெல்ட் மாட்டிக் கொடுத்த அங்கிளுக்கு நன்றி
போன சனிக்கிழமை சிங்கப்பூர் சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தொகுதில என் கேசட் டெக்க தூக்கிட்டு கடை கடையா அலைஞ்சப்ப உதவின சீன அங்கிளுக்கு ரொம்ப நன்றி, பேரு கூட கேக்காம வந்துட்டேன். 1988ல அப்பா ஓவர்டைம் காசுல வாங்கின முதல் செட் அது, அப்புறம் சிடி, அடெல்ஃபி கடைத்தொகுதில வாங்கின ஆம்ப்ளிஃபையர், இப்ப புளூடூத்னு என்னென்னமோ மாத்தியாச்சு, ஆனா இத மட்டும் தூக்கிப்போட மனசு வரல. பழைய ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி, உள்ள சுத்துற கப்பியில ஒட்டியிருந்துச்சு, அங்கிள் பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு தொட்டுத் தொடச்சு, நூல் வச்சு அளவெடுத்து புதுச மாட்டினாரு. காசு வேணாம்னுட்டாரு, ஒரு கோப்பி-ஓ கோசோங் மட்டும் (பாலும் சீனியும் இல்லாம, எப்படித்தான் குடிக்கிறாரோ!). வீட்டுல கேசட்ட போட்டா, தம்பி பிறந்தநாள்ல அப்பா பேசினது இழுவை இல்லாம அப்படியே கேட்டுச்சு, அம்மா கரண்டியோட ஓடி வந்துட்டாங்க.