கிளிப் யாருக்கு முதலில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குப் பல் கிளிப் போடுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வலி, செலவு, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று விரிவாக எழுதியவர், யாருக்குக் கிளிப் அவசியம் என்பதை மட்டும் ‘மருத்துவர் சொல்வார்’ என்று முடித்துவிட்டார். பல் சீரமைப்பு மருத்துவர் என்ற முறையில் அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

பெற்றோர் பலர் காட்டுவது சிரித்தால் தெரிகிற கோணலைத்தான். லேசாகத் திரும்பிய ஒரு முன்பல்லுக்காகத் தவியாய்த் தவிப்பார்கள். அதை அப்படியே விட்டாலும் பெரும்பாலும் கெடுதல் ஒன்றுமில்லை. இன்னொரு பிள்ளைக்கு வரிசை அழகாகவே இருக்கும். ஆனால் பத்து வயது தாண்டியும், மேல் கோரைப்பல் வரவேண்டிய இடத்தில் ஈறைத் தடவினால் புடைப்பே தட்டுப்படாது. எக்ஸ்ரே எடுத்தால், அந்தப் பல் உள்ளே தடம் மாறிக் கிடக்கலாம். பக்கத்துப் பல்லின் வேரைக்கூட அரிக்கலாம். நேரத்தோடு பார்த்துவிட்டால், சில பிள்ளைகளுக்கு அங்கே நிற்கும் பால்பல்லை எடுத்தாலே கோரைப்பல் தானாக இறங்கிவிடும். பெற்றோர் அடம்பிடித்து அழைத்துவருவது முதல் பிள்ளையை; அவசரம் இரண்டாவது பிள்ளைக்கு.

இதைத் தரம் பிரிக்க அளவுகோல்கள் இருக்கின்றன. 1989இல் பிரிட்டனில் ப்ரூக், ஷா இருவரும் வெளியிட்ட ஐ.ஓ.டி.என். (பல் சீரமைப்பு சிகிச்சை எவ்வளவு தேவை என்பதற்கான குறியீடு) முறையில் 1 முதல் 5 வரை படிகள்; படி ஏற ஏறத் தேவையும் கூடும். வாயிலுள்ள குறைகளையெல்லாம் கூட்டிப் பார்ப்பதில்லை. இருப்பதிலேயே மோசமானது எதுவோ, அதுதான் படி. மேல் முன்பற்கள் 6 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால் 4, 9ஐத் தாண்டினால் 5. கீழே விழுந்தால் முதலில் அடிபடுவது அந்தப் பற்கள்தானே! வெளிவர முடியாமல் புதைந்த கோரைப்பல்லுக்கும் 5தான்.

தோற்றத்துக்குத் தனியாக, அழகான வரிசையில் தொடங்கி மோசமானது வரை 1 முதல் 10 என எண்ணிட்ட 10 புகைப்படங்கள் உண்டு. இங்கிலாந்தின் அரசு மருத்துவத்தில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு 4, 5ஆம் படி என்றால் இலவச சிகிச்சை. 3ஆம் படிக்காரர் இந்தப் படங்களில் 6 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் கிடைக்கும். சரி, அழகை யார் அளப்பது? பெரும்பாலும் மருத்துவர்தான். என்னைக் கேட்டால், படங்களைப் பிள்ளையிடமும் நீட்டிக் கேட்கவேண்டும். பள்ளியில் கேலிக்கு ஆளாவது நாமல்ல. கேட்கும்போது மட்டும் அப்பா அம்மா கொஞ்சம் வெளியே உட்கார்ந்தால் நல்லது.

இப்படிக்கு,
பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவர்